சின்னக் காதுத்துளைக்கு வலிக்காத இயர்போன்: வாங்குவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை, வரிசையாக

எந்த இயர்போனைப் போட்டாலும் அரை மணி நேரத்தில் காது வலிக்கிறது, இல்லாவிட்டால் நாலு அடி நடப்பதற்குள் நழுவி விழுகிறது என்று சொன்னால், உடனே வரும் பதில் "சின்ன டிப்பா மாத்திப் போடுங்க" என்பதுதான். டிப் என்பது இயர்போன் முனையில் மாட்டும் சிலிகான் அல்லது ஃபோம் (பஞ்சு போன்ற) உறை. எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். மாற்றினேன், வலி கூடியது. ஏன் என்று புரிவதற்குள் நான்கு ஜோடி வாங்கிவிட்டேன். அதற்கப்புறம் இதே தொல்லையோடு வந்த பலருக்குக் கூட இருந்து தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

டிப்பை எவ்வளவு சின்னதாக மாற்றினாலும், அதற்குள் இருக்கும் நாசிலை விடச் சின்னதாக மாற்ற முடியாது. நாசில் என்பது இயர்போனிலிருந்து காதுக்குள் நீளும் குழல், டிப் மாட்டும் இடம். அது தடிமனாக இருந்தால் மேலே எந்த டிப் போட்டும் பயனில்லை. அதனால் பார்க்க வேண்டிய வரிசை: முதலில் வலிக்கும் இடம், அப்புறம் நாசில், அப்புறம் இயர்போனின் உடல், அதற்குப் பிறகுதான் டிப், கடைசியில் போடும் விதம். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்து பணத்தை இழக்கிறார்கள்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

வீட்டில் கிடக்கும் பழைய இயர்போன் ஒன்று, அது வலிக்கிற இயர்போனாக இருந்தால் இன்னும் நல்லது. அதனோடு வந்த எல்லா அளவு டிப்களும். மி.மீ. கோடுகள் தெளிவாகத் தெரியும் ஸ்கேல், கிடைத்தால் டிஜிட்டல் காலிப்பர் (அகலத்தை நுட்பமாக அளக்கும் கருவி). காதைப் படம் எடுக்க போன் கேமரா. ஒரு துண்டுக் காகிதம், பேனா. பாஸ் (அடித்தொனி) நன்றாக ஒலிக்கும், உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டு.

பழைய, வலிக்கிற இயர்போனை ஏன் கேட்கிறேன் என்றால், உங்கள் காதைப் பற்றி இப்போது உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தேடினால் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவது போலாகிவிடும்.

இன்னொன்று: இன்றைக்குக் காது வலித்துக்கொண்டிருந்தால் இன்றைக்கு எதையும் சோதிக்க வேண்டாம், இரண்டு மூன்று நாள் எதையும் போடாமல் விடுங்கள். உரசிப் புண்பட்ட தோலுக்கு மிகப் பொருத்தமான டிப்கூட வலிக்கும், நீங்கள் நல்ல இயர்போனைத் தப்பாக ஒதுக்கிவிடுவீர்கள்.

2. காது நலமாக இருக்கிறதா என்று பாருங்கள்

காதுத்துளைக்கு முன்னால் முகப்பக்கம் துருத்தி நிற்கும் சின்ன மேட்டை விரலால் லேசாக அழுத்துங்கள். அப்புறம் காது மடலைப் பிடித்து மெதுவாக இழுங்கள். இரண்டில் எதற்காவது சுருக்கென்று வலித்தால், அல்லது உள்ளே நமைச்சல், கசிவு, அடைப்பு இருந்தால், அது இயர்போன் அளவுப் பிரச்சினையாக இல்லாமல் வெளிக்காது அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும், டிப் மாற்றிப் பார்த்து நாளைக் கடத்த வேண்டாம்.

காது மெழுகும் துளையைக் குறுக்கும். மெழுகு நிறைந்த காதில் இயர்போனைத் திணித்தால் அது இன்னும் உள்ளே தள்ளப்பட்டு இறுகும். பட்ஸ் குச்சியால் குடைவதும் அதையேதான் செய்கிறது, அதனால் அந்த வழி வேண்டாம். "எனக்குத் துளையே ரொம்பச் சின்னது" என்று உறுதியாக நம்பிய ஒருவர் மெழுகை எடுத்துவிட்டு வந்த பிறகு, எந்தப் புது இயர்போனும் வாங்காமலே பிரச்சினை பாதி தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். குளிர்ந்த நீரில் பல வருடம் நீந்துபவர்களுக்கும் அலைச்சறுக்கு விளையாடுபவர்களுக்கும் துளைக்குள் எலும்பு வளர்ந்து குறுகுவதும் உண்டு. மருத்துவர் விளக்குக் கருவியை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

3. எங்கே வலிக்கிறது என்று எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், இதில்தான் பாதி விடை இருக்கிறது. "காது வலிக்கிறது" என்பது போதாது. பழைய இயர்போனை 20 நிமிடம் போட்டுவிட்டுக் கழற்றுங்கள். கழற்றியதும் விரல் நுனியால் தடவிப் பார்த்து, வலிக்கிற இடம் இந்த மூன்றில் எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, வெளிக் கிண்ணம். அதாவது இயர்போனின் உடல் உட்காரும் குழிவும் அதைச் சுற்றிய மேடுகளும். இங்கே வலித்தால் உங்கள் பிரச்சினை காதுத்துளையே இல்லை, உடல் பெரிதாக இருக்கிறது. இவர்கள் டிப்பை மாற்றிக்கொண்டே இருந்தால் வருடம் முழுவதும் மாற்றலாம், ஒன்றும் ஆகாது. படம் எடுத்துப் பார்த்தால் தோல் சிவந்த இடமும் தெரியும்.

இரண்டாவது, துளையின் வாய். சுற்றிலும் பிதுங்குவது போன்ற வலி, உள்ளேயிருந்து யாரோ விரித்துப் பிடித்தது போன்ற உணர்வு. இது நாசில் தடிமனாலோ டிப்பின் அகலத்தாலோ வருவது.

மூன்றாவது, ஆழத்தில் ஓரிடத்தில் குத்துவது போன்ற வலி. இதைப் புரிந்துகொள்ளக் காதின் அமைப்பு கொஞ்சம் தெரிய வேண்டும். வயது வந்தவர்களின் காதுக்குழாய் ஏறக்குறைய 2.5 செ.மீ. நீளம், நேராக இல்லாமல் வளைந்து வளைந்து போகும். வெளியிலிருந்து முதல் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு, அங்கே தோல் தடிமன், அழுத்தினால் விட்டுக்கொடுக்கும். உள்ளே இருக்கும் மூன்றில் இரண்டு பங்கு எலும்பு, மேலே இருக்கும் தோல் மிக மெல்லியது, துளியும் விட்டுக்கொடுக்காது. நாசிலின் விளிம்பு வளைவில் போய் முட்டினாலோ, டிப் எலும்புப் பகுதிவரை போனாலோ இந்தக் குத்தல் வரும். டிப்பைச் சின்னதாக்கியதும் எனக்கு வலி கூடியது இதனால்தான்.

வலி எப்போது வருகிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். போட்டவுடனே வலித்தால் பெரும்பாலும் அளவு தப்பு. 20, 30 நிமிடம் கழித்து வலித்தால் தொடர் அழுத்தம். கழற்றும்போது எரிந்தால் உரசல், அல்லது இழுத்துக் கழற்றியது. இடது, வலது இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள், இரண்டு காதும் ஒரே மாதிரி இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

4. நாசிலை அளந்து பாருங்கள்

வயது வந்தவர்களின் காதுத்துளை சராசரியாக 7 மி.மீ. அகலம். சின்னத் துளை என்றால் அதற்கும் கீழே. இப்போது ஒரு கணக்கு போடுவோம். நாசில் 6 மி.மீ., அதன்மேல் டிப்பின் நடுக்குழல் ஒவ்வொரு பக்கமும் அரை மி.மீ. முதல் 1 மி.மீ. வரை தடிமன் கூட்டும், ஆக 7 முதல் 8 மி.மீ. ஆகிவிட்டது. டிப்பின் மெல்லிய வெளிப் பாவாடையை இன்னும் சேர்க்கவே இல்லை! அந்த நடுப்பகுதி மடங்காது, சுருங்காது. உங்கள் துளை 6 மி.மீ. என்றால் உலகத்தில் எந்த டிப்பாலும் இந்த இயர்போனை உள்ளே வசதியாக உட்கார வைக்க முடியாது.

கையில் இருக்கும் இயர்போனின் டிப்பைக் கழற்றிவிட்டு நாசிலை அளங்கள். முனையில் டிப் நழுவாமல் இருக்க ஒரு விளிம்பு இருக்கும், அந்த விளிம்பின் அகலத்தைத்தான் எடுக்க வேண்டும், இடையில் இருக்கும் ஒல்லிப் பகுதியை அல்ல. நீள்வட்ட நாசில் என்றால் அகலமான பக்கத்தை எழுதுங்கள்.

என் கணக்கில் 4 மி.மீ.க்கு உள்ளே இருந்தால் மெல்லியது, 5 மி.மீ. சுற்றி இருந்தால் முயலலாம், 6 மி.மீ.யைத் தொட்டுவிட்டால் சின்னத் துளைக்காரர்கள் அதை விட்டுவிடுவது நல்லது. இது விதி அல்ல, பலருக்குப் போட்டுப் பார்த்ததில் கிடைத்த கோடு. வயர் உள்ள இயர்போன்களில் ஷூர் எஸ்இ வரிசையும் எட்டிமோட்டிக்கும் சுமார் 3 மி.மீ. நாசில் கொண்டவை என்பதால் சின்னக் காதுகளுக்கு அடிக்கடி பொருந்துகின்றன. ஆனால் எட்டிமோட்டிக் ஆழமாகப் போட வேண்டிய வகை. மூன்றாவது படியில் "ஆழத்தில் குத்துகிறது" என்று எழுதியவர்கள் நாசில் மெல்லியது என்ற ஒரே காரணத்துக்காக அதை வாங்கிவிட வேண்டாம்.

வாங்கப் போகும் இயர்போனின் நாசில் அளவை நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. அதற்கு இரண்டு வழி. ஒன்று, தனியாக டிப் விற்கும் நிறுவனங்களின் பொருத்தப் பட்டியல். உதாரணமாக கம்ப்ளை ஃபோம் டிப்களில் 100 வரிசை மெல்லிய நாசிலுக்கு, 200, 400, 500 என்று எண் ஏற ஏற நாசில் அகலமும் ஏறும். நீங்கள் பார்த்து வைத்த மாடலுக்கு 100 என்று போட்டிருந்தால் நல்ல செய்தி.

இரண்டாவது, படத்திலிருந்து கணக்கிடுவது. இயர்பட்டின் உயரம் விவரப் பட்டியலில் இருக்கும், 24 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் நேராக எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கி ஸ்கேல் வைத்து அளங்கள். உயரம் 80 மி.மீ., நாசில் 20 மி.மீ. என்று வந்தால் நாசில் உயரத்தில் கால் பங்கு, அதாவது 6 மி.மீ. சாய்வாக எடுத்த படத்தில் இந்தக் கணக்கு தப்பாகும். டிப் மாட்டிய படத்தில் அளக்கவும் கூடாது.

அகலத்தோடு நீளத்தையும் பாருங்கள். கட்டையான குட்டை நாசில் இருந்தால் டிப் துளைக்குள் போய்ச் சேர்வதற்கு முன்பே உடல் வந்து காதில் இடித்துவிடும், நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள், வெளிக் கிண்ணம் வலிக்கும். மெல்லியதாகவும் ஓரளவு நீளமாகவும் இருக்கும் நாசில்தான் சின்னக் காதுக்குத் தோழன்.

5. உடலின் பருமனும் எடையும்

சின்னத் துளை உள்ளவர்களில் பலருக்கு வெளிக் கிண்ணமும் சின்னதாகவே இருக்கிறது, ஆனால் கட்டாயம் அப்படித்தான் என்று இல்லை. மூன்றாவது படியில் வெளிக் கிண்ணம் வலிக்கவில்லை என்றால் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம்.

வயர்லெஸ் இயர்பட்டில் பேட்டரி, சிப், மைக் எல்லாம் காதுக்குள்ளேயே உட்கார வேண்டியிருப்பதால் உடல் பருக்கிறது. காம்பு நீண்ட வகையில் அவற்றில் சில காம்புக்குள் போய்விடுவதால் கிண்ணத்தில் உட்காரும் பகுதி சின்னதாகிறது. கிண்ணம் சின்னதாக இருப்பவர்களுக்கு நான் முதலில் காம்பு வகையைத்தான் போட்டுப் பார்க்கச் சொல்வேன். வயர் உள்ளவற்றில் காதுக்குப் பின்னால் சுற்றிப் போகும் வகையில் எடையை மடல் தாங்குகிறது, துளைக்குப் பாரம் குறைகிறது.

எடையை ஒரு கிராம் இரண்டு கிராம்தானே என்று விட்டுவிடாதீர்கள். சோனி டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்4 ஒவ்வொன்றும் 7.3 கிராம், அடுத்து வந்த எக்ஸ்எம்5 5.9 கிராம். ஆப்பிள் ஏர்பாட்ஸ் ப்ரோ இரண்டாம் தலைமுறை 5.3 கிராம். அந்த எடை முழுவதும் துளையின் கீழ் விளிம்பில் தொங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள், ஒரு மணி நேரம் கழித்து அந்த வித்தியாசம் தெரியும். நழுவாமல் இருக்கக் காது மடிப்பில் மாட்டும் சிலிகான் இறக்கை உள்ள மாடல் என்றால் அது கழற்றக் கூடியதா என்று கேளுங்கள், சின்னக் கிண்ணத்தில் இறக்கைதான் முதலில் வலி தருவது.

விமர்சனங்களைப் படிக்கும்போது ஒரு விஷயம். "ரொம்ப வசதியாக இருக்கிறது" என்று எழுதியவரின் காது அளவு தெரியாமல் அந்த வரிக்கு மதிப்பே இல்லை. "எனக்கு எப்போதும் இருப்பதிலேயே சின்ன டிப்தான்" என்று சொல்பவர்களின் கருத்தை மட்டும் தேடிப் படியுங்கள், அப்படிப்பட்ட மூன்று பேர் சொன்னால் முப்பது பொதுவான பாராட்டுகளை விட அது பெரிது.

6. இப்போது டிப்

எஸ், எம், எல் என்ற எழுத்துகளுக்குப் பொதுவான அளவு கிடையாது. ஒரு நிறுவனத்தின் எஸ் இன்னொன்றின் எம்முக்குச் சமமாக இருக்கும். அதனால் "நான் எஸ்" என்று மனதில் வைத்துக்கொண்டு வாங்காதீர்கள், உங்களுக்குப் பொருந்திய டிப்பின் வெளி அகலத்தை மி.மீ.யில் எழுதி வையுங்கள், பின்னால் ஒவ்வொரு முறையும் கை கொடுக்கும்.

பெட்டியில் எத்தனை அளவு வருகிறது என்றும் பாருங்கள். எஸ்ஸோடு நின்றுவிடும் மாடல்கள் நிறைய. ஏர்பாட்ஸ் ப்ரோ இரண்டாம் தலைமுறையில் எஸ்ஸை விடச் சின்னதான எக்ஸ்எஸ் வருகிறது, மூன்றாம் தலைமுறையில் எக்ஸ்எக்ஸ்எஸ் தொடங்கி ஐந்து அளவு. சோனி எக்ஸ்எம்5-இல் எஸ்எஸ் உண்டு, அதுவும் எஸ்ஸை விடச் சின்னதுதான். தனியாக வாங்குவதென்றால் ஃபைனல் நிறுவனத்தின் டிப்கள் எஸ்எஸ் முதல் எல்எல் வரை ஐந்து அளவில் கிடைக்கின்றன, ஆஸ்லா செட்னா வரிசையில் இடைப்பட்ட அரை அளவுகளும் உண்டு.

டிப்பைச் சின்னதாக்கினால் வலி கூடும் என்று முன்பு சொன்ன பொறி இதுதான். சிலிகான் டிப்பின் பாவாடை குடை மடங்குவது போல மடங்கித் துளைச் சுவரில் சாய்ந்து நிற்க வேண்டும், அந்தச் சாய்வுதான் இயர்போனை வெளிப்பகுதியிலேயே தாங்கிப் பிடிக்கிறது. தேவையைவிடச் சின்ன டிப் போட்டால் தாங்க ஒன்றும் இல்லை, நாசில் தடையில்லாமல் உள்ளே போய் வளைவில் முட்டும். பாஸும் குறைந்திருக்கும், அதனால் நீங்களே விரலால் இன்னும் உள்ளே தள்ளுவீர்கள். ஆகவே வாயில் வலித்தால் ஓர் அளவு குறைத்துப் பாருங்கள், ஆழத்தில் வலித்தால் ஓர் அளவு கூட்டிப் பாருங்கள். இரண்டாவது யோசனையைச் சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை, போட்டுப் பார்த்த பிறகுதான் நம்புகிறார்கள்.

வடிவமும் முக்கியம். அரைவட்டமாக உப்பிய டிப் வாயிலேயே நின்று அடைக்கும். கூம்பாக ஒடுங்கும் டிப் கொஞ்சம் உள்ளே போய் அடைக்கும், ஒடுங்கிய வாய் உள்ளவர்களுக்கு இதுதான் எளிதாக நுழைகிறது. இரண்டு மூன்று அடுக்குப் பாவாடை உள்ளவை நீளமாக உள்ளே போக வேண்டியவை, வளைவு கூர்மையாக இருக்கும் காதில் அவை குத்தும். ஸ்பின்ஃபிட் போல நுனி திரும்பக் கூடிய டிப்கள் வளைவுக்கேற்பச் சாய்ந்து கொடுக்கும், ஆழக் குத்தல் உள்ளவர்கள் அதை ஒருமுறை முயலலாம்.

ஃபோம் டிப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது, மென்மையாக இருப்பதால் எந்தக் காதுக்கும் ஏற்றது என்று. ஃபோம் அழுத்தினால் சுருங்கும், உள்ளே போனதும் விரிந்து சுவரைத் தேடிப் போய் நிற்கும், அங்கே நின்றும் விரியப் பார்த்துக்கொண்டே இருக்கும். அளவு பெரிதானால் அது ஓயாத அழுத்தம், முதல் பத்து நிமிடம் சுகமாகவும் ஒரு மணி நேரத்தில் தாங்க முடியாததாகவும் இருக்கும். ஃபோம் வேண்டுமென்றால் இருப்பதிலேயே சின்னதை எடுத்து, நடுக்குழல் விறைப்பாக இல்லாமல் வளைகிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். போடுவதற்கு முன் உருட்டிச் சுருக்கி, உள்ளே வைத்து 20, 30 விநாடி பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு காதுக்கும் ஒரே அளவு போட வேண்டிய கட்டாயம் இல்லை. இடதில் எஸ், வலதில் எஸ்எஸ் என்று போடுவது முழுக்கச் சரி. இதை ஏதோ குறுக்கு வழி என்று நினைத்து ஒரே அளவோடு மல்லுக்கட்டுபவர்கள் அதிகம்.

தனியாக டிப் வாங்கும்போது இரண்டு பிழை அடிக்கடி நடக்கிறது. நாசிலை விடக் குறுகிய நடுக்குழல் உள்ள டிப்பை இழுத்து மாட்டுவது ஒன்று. மாட்டிவிடலாம், ஆனால் நடுப்பகுதி உப்பி பாவாடை விறைத்து, நீங்கள் வாங்கிய சின்ன அளவு சின்னதாக இருக்காது. மற்றது, வயர்லெஸ் இயர்பட்டுக்கு உயரமான டிப் வாங்குவது. காதில் அருமையாக இருக்கும், சார்ஜ் பெட்டி மூடாது. அதனால் வயர்லெஸ்ஸுக்கு என்றே குட்டையாகச் செய்த டிப்பைத் தேடி வாங்குங்கள்.

7. போடும் விதம், கழற்றும் விதம்

சரியான இயர்போனையும் தப்பாகப் போட்டால் வலிக்கும். வலது காதுக்கு இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டு போய் மடலின் மேல் பகுதியைப் பிடித்து, மேலும் பின்னுமாக மெதுவாக இழுங்கள். வளைவு கொஞ்சம் நேராகும். வாயை லேசாகத் திறங்கள், தாடை அசைந்தால் துளையின் வடிவமும் மாறி வழி கிடைக்கும். இயர்போனை நேராகக் குத்தாமல் நாசில் மூக்குப் பக்கம் சற்றே சாய்ந்திருக்குமாறு வைத்து, திருகாணி திருப்புவது போல லேசாகத் திருப்பிக்கொண்டே உள்ளே விடுங்கள். குழாய் அந்தப் பக்கமாகத்தான் சாய்ந்து போகிறது.

டிப் உலர்ந்து பிடித்தால் நுனியைச் சுத்தமான நீரால் துளி ஈரமாக்கிக்கொள்ளலாம். ஃபோமுக்கு இது வேண்டாம்.

போடும்போது இருமல் வருகிறதா? பயப்பட வேண்டாம், சிலருக்குக் காதுக்குழாயில் ஓடும் வேகஸ் நரம்பின் கிளை தொடப்பட்டால் இருமல் எழும். ஆழம் குறைந்த டிப்புக்கு மாறினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். இறுக்கமாக அடைத்த டிப்பை இழுத்தால் உள்ளே உறிஞ்சல் ஏற்படும், காது விண்ணென்று தெறிக்கும். திருப்பி, அடைப்பை விடுவித்துவிட்டு எடுங்கள். சின்னத் துளையில் உள்ளே அடைபடும் காற்று குறைவு என்பதால் போடும்போதும் அழுத்தம் தெரியும். உடலில் காற்றுத் துளை உள்ள மாடல்களில் அது குறைவு, அந்தத் துளையை விரலால் மூடிக்கொண்டு போடாமல் இருந்தால் சரி.

8. சோதனை: அடைப்பு, அசைவு, நேரம்

முதலில் அடைப்பு. மனப்பாடமான அந்தப் பாட்டை ஓடவிட்டு, இயர்போனை விரலால் லேசாக உள்நோக்கி அழுத்துங்கள். பாஸ் திடீரென்று கூடினால் அழுத்துவதற்கு முன் காற்று கசிந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். இசையை நிறுத்திவிட்டு ஒரு வாக்கியம் பேசியும் பாருங்கள், அடைத்த காதில் சொந்தக் குரல் உள்ளுக்குள் முழங்கும், இரண்டு காதிலும் ஒரே அளவு முழங்க வேண்டும். ஏர்பாட்ஸ் ப்ரோவில் போனின் அமைப்புப் பகுதியிலேயே பொருத்தச் சோதனை இருக்கிறது, வேறு சில நிறுவனங்களின் செயலிகளிலும் உண்டு. அவை அடைப்பை மட்டும்தான் சொல்லும், வலியைச் சொல்லாது. "சரியாகப் பொருந்துகிறது" என்று பச்சை காட்டியது என்பதற்காக வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

அடைப்பை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், காற்று கசிந்தால் பாஸ் போகும், வெளிச் சத்தம் நுழையும், இரண்டையும் ஈடுகட்ட ஒலியைக் கூட்டுவீர்கள். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம், ஒலி கூடக் கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கிவிடும்.

அடுத்து அசைவு. போட்டபடியே எதையாவது மெல்லுங்கள், கொட்டாவி விடுங்கள், அகலமாகச் சிரியுங்கள், தலையை இரு பக்கமும் திருப்புங்கள். தாடை அசையும்போது துளை வடிவம் மாறுவதால் உட்கார்ந்திருக்கும்போது பொருந்தியது பேசும்போது வெளியே வரும். தினமும் அழைப்பில் பேசுபவர்கள் இந்தச் சோதனையைத் தவற விடக்கூடாது.

கடைசியில் நேரம். முதல் நாள் 10 நிமிடம், அப்புறம் 30, அடுத்த நாள் ஒரு மணி நேரம், மூன்றாம் நாள் நீங்கள் வழக்கமாகக் கேட்கும் முழு நேரம். அசௌகரியம் வேறு, வலி வேறு. புதுப் பொருள் காதில் இருக்கிறது என்ற உணர்வு இரண்டு மூன்று நாளில் மங்கும். வலி மங்காது, நாளுக்கு நாள் முன்னதாகவே தொடங்கும். அப்படியென்றால் "பழகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இதற்கெல்லாம் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும். காதுக்குள் போடும் பொருள் என்பதால் பிரித்துவிட்டால் வாங்க மாட்டோம் என்று சொல்லும் விற்பனையாளர்கள் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள், நான் அதைப் படிக்காமல் வாங்கிய ஜோடி இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

9. எதுவுமே பொருந்தாவிட்டால்

சிலருக்கு மெல்லிய நாசிலும் எஸ்எஸ் டிப்பும்கூட ஒத்துவராது. அப்போது துளைக்குள் போகாத வகைக்கு மாறுவது நல்ல முடிவு, அதில் தோல்வி எதுவும் இல்லை.

டிப் இல்லாமல் கிண்ணத்தில் உட்காரும் வகை, சாதாரண ஏர்பாட்ஸ் போல, துளையைத் தொந்தரவு செய்யாது. ஆனால் வெளிக் கிண்ணம் சின்னதாக இருப்பவர்களுக்கு இது இன்னும் மோசமாக வலிக்கும், மூன்றாம் படியில் எழுதியதைப் பார்த்து முடிவெடுங்கள். மடலில் கவ்வும் வகையும், ஷாக்ஸ் போல எலும்பு வழியாக அதிர்வைக் கடத்தும் வகையும் துளையைத் தொடுவதே இல்லை. வெளிச் சத்தம் முழுக்கக் கேட்கும், பாஸ் குறைவு, சத்தமான இடத்தில் ஒலியைக் கூட்ட வேண்டி வரும். பேச்சுக்கும் நடைக்கும் சரி, ரயிலில் இசைக்குச் சரிவராது. வீட்டில் உட்கார்ந்து கேட்பதானால் காதை மூடும் ஹெட்ஃபோன் எல்லாவற்றையும் விடச் சுகம்.

துளைக்குள் போடும் வகைதான் வேண்டும், தினமும் பல மணி நேரம் வேண்டும் என்றால் காது அச்சு எடுத்துச் செய்யும் வழி இருக்கிறது. செவித்திறன் நிபுணர் காதுக்குள் மென்களிம்பு செலுத்தி அச்சு எடுப்பார், அதிலிருந்து உங்கள் காதுக்கு மட்டுமே பொருந்தும் டிப்போ முழு இயர்போனோ செய்யப்படும். அச்சு எடுக்கும்போது வாயைத் திறந்து வைக்கச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள், மூடிய வாயோடு எடுத்த அச்சு பேசும்போதும் பாடும்போதும் காற்று விடும். வளரும் பிள்ளைகளுக்கு இது வேண்டாம், காது வளர்ந்ததும் பொருந்தாமல் போகும்.

10. பொருந்திய பிறகு

சிலிகான் டிப்பை வாரம் ஒரு முறை கழற்றி வெதுவெதுப்பான நீரிலும் மிதமான சோப்பிலும் கழுவி, முழுக்க உலர்ந்த பிறகு மாட்டுங்கள். ஈரத்தோடு போட்டால் அடைபட்ட காதில் ஈரம் தங்கும், அது அழற்சிக்கு வழி. ஃபோமைக் கழுவி உயிரூட்டப் பார்க்காதீர்கள், உருட்டினால் மெதுவாக விரியாமல் உடனே குதித்து விரிந்தால் அல்லது நுனி கிழிந்தால் மாற்றுங்கள். பொருந்திய அளவில் ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது, சின்ன அளவுகள்தான் முதலில் தீர்ந்துபோகின்றன.

கழற்றும் ஒவ்வொரு முறையும் டிப் நாசிலோடு வந்ததா என்று ஒரு பார்வை பாருங்கள். மெல்லிய நாசிலில் தொளதொளத்த டிப் மாட்டியிருந்தால் அது காதுக்குள்ளேயே நின்றுவிடலாம், சின்னத் துளையில் அது இறுகிப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஆனால் விரலாலோ இடுக்கியாலோ தோண்டாதீர்கள், எலும்புப் பகுதிக்குத் தள்ளிவிட்டால் எடுப்பது மிகவும் கடினமாகிவிடும். அப்படியே காது மருத்துவரிடம் போங்கள், சரியான கருவியும் வெளிச்சமும் இருந்தால் பெரும்பாலும் சில நிமிட வேலைதான்.